ஐந்து பேக்கப், ஒரே தப்பு

நியூஜெர்சியிலிருந்து நண்பர் ஒருவர் காலை ஐந்தரை மணிக்கு போன் செய்தார். அந்த வேளையில் அமெரிக்காவிலிருந்து மணி அடித்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. கணக்குதான் படுத்துடுச்சு" என்றார்.

நண்பர் 1996ல் வேலைக்காக அங்கே போனவர். போன மாதத்திலிருந்தே வாடகை, மளிகை, வட்டி, பங்கு என்று சகலத்தையும் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டுக்கணக்கு சாஃப்ட்வேரில் போட்டு வருகிறார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் பத்து நிமிஷம் கணக்கு எழுதாமல் படுக்கமாட்டார். அப்படிப்பட்டவர் பழைய பங்குகளில் கொஞ்சத்தை விற்றிருக்கிறார். வருமான வரிக்கு அவற்றை வாங்கின விலை தேவைப்பட்டது. சாஃப்ட்வேரைத் திறந்தால், 1997க்கும் 2003க்கும் நடுவே இருந்த பதிவுகளில் பாதியைக் காணோம்.

"அக்டோபர்ல ஒரு அப்டேட் போட்டேன் சார். அதுக்கப்புறம் அந்தப் பழைய பக்கத்துக்கே போகலை. இப்ப மார்ச்ல பார்த்தா இப்படி."

"பேக்கப் எடுக்கலையா?"

"அதான் சார் வேடிக்கை. அஞ்சு பேக்கப் இருக்கு. அஞ்சுலயும் அதே தப்பு."

சாஃப்ட்வேரின் பெயர் வேண்டாம். தப்பு அதன் பேரிலா, நண்பர் பேரிலா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் 'ஐந்திலும் அதே தப்பு' என்ற அந்த வாக்கியம் என்னை விடவில்லை. நம்மில் பலர் பேக்கப் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தூங்குகிறோம். அந்த தைரியத்துக்கு ஆதாரம் உண்டா என்று இந்த வாரம் பார்த்துவிடலாம்.

முதலில் நஷ்டம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2011 முதல் வாங்கின பங்குகளுக்குத்தான், வாங்கின விலையைப் புரோக்கர் கம்பெனி எழுதிவைத்து வரி இலாகாவுக்கும் சொல்லவேண்டும் என்று சட்டம். அதற்கு முன் வாங்கியதற்கெல்லாம் கணக்கு உங்கள் பொறுப்பு. வாங்கின விலைக்கு ஆதாரம் காட்டத் தவறினால் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, விற்ற தொகை முழுவதையும் லாபம் என்று வரி போட வழியிருக்கிறது. நண்பரோ, கம்பெனி கொடுத்த டிவிடெண்டைக் கையில் வாங்காமல் அதிலேயே மேலும் பங்கு வாங்கிக்கொண்டவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முக்கால் பங்கு, ஒன்றேகால் பங்கு என்று துண்டு துண்டாகச் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதி, ஒரு விலை. இதை மனப்பாடமாகச் சொல்ல அவர் என்ன அஷ்டாவதானியா? இதற்காகத்தானே சாஃப்ட்வேர்?

சரி, ஐந்து பேக்கப்பிலும் ஒரே தப்பு எப்படி வந்தது?

ரொம்ப சுலபம். இந்த வகை சாஃப்ட்வேர்கள் நீங்கள் மூடும்போதெல்லாம், அல்லது சில தடவைக்கு ஒரு தரம், தாமாகவே ஒரு நகல் எடுத்து வைக்கும். எடுத்துக்கொண்டே போனால் டிஸ்க் நிரம்பிவிடும் அல்லவா? அதனால் ஐந்து, பத்து என்று ஓர் எண்ணிக்கை வைத்துக்கொண்டு, ஆறாவது வந்ததும் முதலாவதைக் கடாசிவிடும். நண்பர் தினம் ராத்திரி கணக்கு எழுதுகிற சுத்தமான மனிதர். அப்டேட் போட்ட ஐந்தாம் நாளே அப்டேட்டுக்கு முந்தைய நகல் எல்லாம் போயே போச்சு. அதற்கப்புறம் ஐந்து மாதமாக அந்த சாஃப்ட்வேர் தப்பான கணக்கை விசுவாசமாக நகல் எடுத்து வந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு தரம் எழுதுகிற சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

நம் ஊரில் ஓலைச்சுவடிகளுக்கும் இந்த கதிதான். செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டு, பழசை ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். பெயர்த்து எழுதினவர் கவனமாக எழுதியிருந்தால் சரி. தூக்கக் கலக்கத்தில் நாலு வரியை விட்டிருந்தால்? ஒப்பிட்டுப் பார்க்க மூல ஏடு காவிரியில் போய்க்கொண்டிருக்கும். நண்பரின் கம்ப்யூட்டருக்கு தினம் ஆடிப்பெருக்கு.

"வேற நகலே இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

மறுநாள் திரும்ப போன். மேஜை டிராயரில் ஒரு பென் டிரைவ் அகப்பட்டதாம். அதில் அப்டேட்டுக்கு முந்தைய கோடையில் எடுத்த நகல். குரலில் உற்சாகம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன். உற்சாகம் போயிருந்தது. "திறந்தேன் சார். 'இது பழைய பதிப்பின் ஃபைல், புதுசுக்கு மாற்றட்டுமா?'ன்னு கேட்டது. சரின்னேன். மாத்தி முடிச்சதும் அதே பாதி காணோம்!"

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதினால் அதைப் படிக்கக் கண் போதும். கம்ப்யூட்டர் ஃபைலைப் படிக்க அதை எழுதின சாஃப்ட்வேர் வேண்டும். அப்டேட் என்றால் சாஃப்ட்வேர் மட்டும் மாறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரிய அப்டேட்களில் ஃபைலின் அமைப்பே மாறும். நாலு பத்தி போட்டிருந்த பேரேட்டில் ஆறு பத்தி ஆக்குகிற மாதிரி. பழைய வரிகளை எல்லாம் புது பத்திகளுக்குள் பெயர்த்து எழுதவேண்டும். பெரும்பாலும் இது ஒழுங்காகவே நடக்கிறது. நடக்காதபோது, பழைய நகலைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதே குமாஸ்தா அதே இடத்தில் அதே தப்பைத்தான் செய்வார். புதுப் பதிப்பு பழைய ஃபைலை மாற்றாமல் திறக்காது. மாற்றினதைப் பழைய பதிப்பு கையால் தொடாது. ஒருவழிப் பாதை.

ஆகவே பேக்கப் என்பது ஃபைல் மட்டும் இல்லை. ஃபைலும் அதைத் திறக்கிற பதிப்பும் சேர்ந்த ஜோடி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தொலைத்தால், பூட்டைப் பத்திரப்படுத்திவிட்டு சாவியை எறிந்த கதை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சில பிரபல சாஃப்ட்வேர்களைப் பார்ப்போம்.

முதலில் குவிக்கன். வீட்டுக்கணக்கு சாஃப்ட்வேர்களில் பெரியவர். ஸ்காட் குக் என்பவர், மாதாமாதம் பில் கட்டுகிற வேலையில் மனைவி அலுத்துக்கொண்டதைப் பார்த்து இந்த யோசனை பெற்றாராம். டாம் ப்ரூ என்பவருடன் சேர்ந்து 1983ல் இன்ட்யூட் கம்பெனியைத் தொடங்கினார். 2016ல் இன்ட்யூட் குவிக்கனைத் தனியாக விற்றுவிட்டது. இதன் விண்டோஸ் பதிப்பு, அப்டேட் சமயத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறது. புதுப் பதிப்பு உங்கள் ஃபைலை மாற்றுவதற்கு முன்னால், மாற்றாத மூலத்தை அப்படியே எடுத்து 'க்யூ' என்ற எழுத்தும் பதிப்பின் எண்ணும் கொண்ட தனி ஃபோல்டரில் வைத்துவிடும். தினசரி பேக்கப்கள் இருக்கிற ஃபோல்டர் வேறு. மூல ஏட்டை ஆற்றில் விடாத பண்பு. இதற்கு ஒரு சபாஷ்.

சபாஷை முழுசாகச் சொல்லத் தடையும் இருக்கிறது. அந்த ஃபோல்டர் உங்கள் கணக்கு ஃபைலுக்குப் பக்கத்திலேயே, அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் மண்டையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து போகும். தவிர, மூலம் பத்திரமாக இருந்தாலும் அதைப் படிக்கிற பழைய பதிப்பு இருந்த இடத்தில் இப்போது புதுசு உட்கார்ந்திருக்கிறது. ரொம்பப் பழைய குவிக்கன் ஃபைலைத் தற்போதைய பதிப்பில் நேரே திறக்கவும் முடியாது. நடுவில் வேறொரு பதிப்பை நிறுவி, அதில் ஒரு தரம் மாற்றி, பிறகு இதற்குக் கொண்டுவரவேண்டும். நேர் பஸ் இல்லாத ஊருக்கு விழுப்புரத்தில் இறங்கி மாறுகிற மாதிரி. ஒவ்வொரு மாறுதலிலும் மூட்டை ஒன்று தவறலாம். முன்பெல்லாம் பெட்டியில் வாங்கின பழைய பதிப்பையே விடாப்பிடியாக வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். 2018 பதிப்பிலிருந்து சந்தா முறை வந்துவிட்டது. அப்டேட் என்பது நாம் கடைக்குப் போய் வாங்குகிற பொருளாக இல்லாமல், வாசலில் வந்து விழுகிற பேப்பர் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது மைக்ரோசாஃப்ட் மணி. 1991ல் வந்தது. குவிக்கனை ஜெயிக்க முடியாமல் 1994ல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட்டையே விலைக்குக் கேட்டது. அமெரிக்க நீதி இலாகா வழக்குப் போட, 1995ல் அந்தப் பேரத்தைக் கைவிட்டது. 2009 ஜூன் 30ந் தேதியோடு மணியின் விற்பனையை நிறுத்தினார்கள். பதினெட்டு வருஷம் கணக்கு எழுதின ஜனங்களை நட்டாற்றில் விட்டார்களா என்றால், முழுக்க அப்படியும் சொல்வதற்கில்லை. 2010ல் 'சன்செட்' என்று அஸ்தமனப் பதிப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். இதன் முக்கியமான குணம், நிறுவும்போது தலைமையகத்துக்கு போன் போட்டு அனுமதி கேட்காது. ஆக்டிவேஷன் கிடையாது.

இது அற்ப விஷயம் என்று தோன்றும். இல்லவே இல்லை. ஆக்டிவேஷன் கேட்கிற சாஃப்ட்வேர், அந்தப் பக்கம் பதில் சொல்ல சர்வர் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். கம்பெனி சர்வரை அணைத்தால் உங்கள் சிடி வெறும் காக்கா விரட்டி. சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் செத்த ஒரே காரணத்துக்காக மணிக்கு என் மதிப்பில் இடம் உண்டு. உயிரோடு இருக்கிற பலர் இந்த மரியாதையைக் காட்டுவதில்லை. (2020ல் 'மணி இன் எக்ஸல்' என்று மறுஜன்மம் மாதிரி ஒன்று வந்தது. 2023ல் அதற்கும் சங்கு.)

மூன்றாவது க்னூகேஷ். இலவசம். மூலநிரலும் திறந்து கிடக்கிறது. அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாத முகம். இரட்டைப் பதிவு முறையில்தான் எழுத விடும், அதனால் 'பற்று, வரவு' தெரியாதவர்கள் முதல் நாள் மிரளுவார்கள். ஆனால் பேக்கப் விஷயத்தில் இது பாட்டி வீட்டுப் பரண். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் பழைய ஃபைலை வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி என்று பதினான்கு இலக்கம் ஒட்டி ஒதுக்கி வைக்கும். அது போக, நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் வரிசையாக எழுதுகிற குறிப்பு ஃபைல் ஒன்று. நடுவில் கரண்ட் போனால் அதை ஓட்டி விட்ட இடத்தைப் பிடிக்கலாம்.

இதை நான் சிலாகிக்கிற காரணம் வேறு. வழக்கமான முறையில் சேமித்தால் இதன் ஃபைல், சுருக்கிக் கட்டின வெறும் எழுத்து. கட்டை அவிழ்த்தால் எக்ஸ்எம்எல் என்கிற வடிவத்தில் தேதி, பெயர், தொகை எல்லாம் கண்ணால் படிக்கலாம். 125 ரூபாய் 50 பைசாவை 12550/100 என்று பின்னமாக எழுதி வைத்திருக்கும், அவ்வளவுதான் விசித்திரம். நாளைக்கு க்னூகேஷ் என்ற சாஃப்ட்வேரே உலகத்தில் இல்லாமல் போனாலும் பொறுமையுள்ள ஒரு பேரன் தாத்தாவின் கணக்கைப் படித்துவிட முடியும். புதுப் பதிப்பின் வசதிகளைப் பயன்படுத்தின ஃபைலைப் பழைய பதிப்பிடம் கொடுத்தால், 'எனக்குப் புரியாத சமாசாரம் இதில் இருக்கிறது' என்று நேர்மையாகச் சொல்லித் திறக்க மறுக்கும். புரிந்த மாதிரி நடித்துக் குட்டிச்சுவர் ஆக்குவதைவிட இது உத்தமம்.

குறைகளும் இருக்கின்றன. பேக்கப்களை எல்லாம் கணக்கு இருக்கிற அதே ஃபோல்டரில் கொட்டும். புதிதாக வந்தவர் தவறிப்போய் ஒரு பழைய நகலைத் திறந்து, அதில் இன்றைய கணக்கை எழுதி, அதற்கும் நகல் எடுத்து, ஃபைல் பெயர் அனுமார் வால் மாதிரி நீண்டு, கடைசியில் எது நிஜம் என்றே தெரியாமல் விழிப்பார். நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் முப்பது நாளைக்கு மேற்பட்ட நகல்களை இதுவும் அழித்துவிடும். டேட்டாபேஸில் சேமிக்கிற முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த நகல்களே கிடையாது, பேக்கப் உங்கள் பாடு. முப்பது நாள் என்பது ரொம்பக் குறைச்சல். கணக்குத் தப்பு முப்பது நாளில் தெரிந்துவிடுமா? வீட்டுக் கணக்கில் தப்பு தெரிகிற நாட்கள் இரண்டுதான். வரி கட்டுகிற நாள், அல்லது சொத்தைப் பிரிக்கிற நாள்.

இவை எதுவும் வேண்டாம், எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கட்டும் என்பவர்களுக்கு மின்ட்டின் கதை. இன்ட்யூட் இதை 2009ல் வாங்கியது. பேக்கப் கவலையே கிடையாது, ஏனென்றால் பேக்கப் ஃபைலே கிடையாது. எல்லாம் அவர்கள் வீட்டில். 2024 மார்ச்சில் மூடினார்கள். மூடுவதற்குள் பட்டியலை இறக்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அசிரத்தையாக இருந்தவர்களுக்கு நினைவு மட்டும் மிச்சம்.

என் தீர்ப்பு இது. குவிக்கன் மூலத்தை ஒதுக்கி வைக்கிறது, ஆனால் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறது. மணி போகும்போது சாவி கொடுத்தது. க்னூகேஷ் பூட்டே போடவில்லை, ஆனால் நாள் எண்ணிக் குப்பையில் போடுகிறது. மூன்றையும் சேர்த்தால் ஒரு முழு பேக்கப் கிடைக்கும். எண்ணிக்கையை வைத்தும் நாளை வைத்தும் நகல்களைக் கழிப்பது தினசரி விபத்துக்குச் சரி. பதிப்பு மாறுகிற நாள் வேறு ஜாதி. அன்றைக்கு எடுத்த நகல் அந்தச் சுழற்சியில் சேரவே கூடாது. அதன் பெயரிலேயே எந்தப் பதிப்பு திறக்கும் என்று எழுதியிருக்கவேண்டும். மாற்றிய பின், 'முன்னால் இத்தனை பதிவு, இவ்வளவு மிச்சம். இப்போது இத்தனை, இவ்வளவு' என்று ஒரு வரி காட்டவேண்டும். ஒரு மளிகைக்கடை குமாஸ்தா பக்கம் திருப்பும்போது 'கீழ்க்கொண்டு வந்தது' என்று எழுதிச் சரி பார்ப்பாரே, அந்த ஒழுக்கம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நண்பருக்கு அக்டோபரிலேயே தெரிந்திருக்கும்.

அவர்கள் செய்யும்வரை நாம் செய்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

ஒன்று: அப்டேட் என்று கேட்டால் உடனே 'சரி' சொல்லாதீர்கள். முதலில் ஃபைலை நீங்களே நகல் எடுத்து, தேதியும் பதிப்பின் எண்ணும் பெயரில் சேர்த்து, வேறு டிஸ்க்கில் வையுங்கள். சாஃப்ட்வேர் நிர்வகிக்கிற ஃபோல்டர் வேண்டாம்.

இரண்டு: அந்தப் பதிப்பை நிறுவுகிற ஃபைலையும் பக்கத்திலேயே வையுங்கள். பூட்டும் சாவியும்.

மூன்று: அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எல்லாக் கணக்குகளின் மிச்சத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இன்றைய மிச்சம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு டிசம்பர் 31ன் மிச்சமும் சரியாக வரவேண்டும்.

நான்கு: வருஷம் ஒரு முறை வெறும் எழுத்தாக ஏற்றுமதி செய்து வையுங்கள். குவிக்கன் காலத்து 'கிஃப்' என்ற பழைய வடிவத்தை நோட்பேடில் திறந்தாலே புரியும். வரிக்கு ஒரு சமாசாரம். 'டி' என்று தொடங்கினால் தேதி, 'டி' என்று தொடங்கினால் தொகை (ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்து, தமிழ் காலை வாருகிறது), 'பி' என்றால் யாருக்கு. கூரை மாதிரி ஒரு குறி போட்டால் அந்தப் பதிவு முடிந்தது. இது முழுப் பேக்கப்புக்கு ஈடாகாது. ஆனால் படிக்கக் கண் போதும்.

ஐந்தாவதுதான் முக்கியம். பேக்கப்பைத் திறந்து பாருங்கள். தமிழில் இதைக் காப்பு நகல் என்கிறார்கள். காப்புக் கட்டிவிட்டோம் என்று குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் இருப்போமா? சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் கணக்கு நோட்டையும் அடுக்கி, பொட்டு வைத்து மூடிவிடுகிறோம். மறுநாள் விஜயதசமியில் எடுத்துப் பிரித்து ஒரு பக்கமாவது படித்தால்தான் பூஜை பூர்த்தி. நம் பேக்கப்களுக்கு இத்தனை வருஷமாக சரஸ்வதி பூஜை மட்டும்தான் நடக்கிறது. விஜயதசமி வருவதே இல்லை.

நண்பர் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. பழைய சிடியைத் தேடி எடுத்தார். புது லேப்டாப்பில் சிடி போட வழியில்லை. அதற்கு ஒரு டிரைவ் வாங்கி மாட்டினால், ஆக்டிவேஷன் கேட்டு நின்றது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, பூஜை அலமாரியிலிருந்து பஜனை கேட்டதாம். அவர் மனைவி எட்டு வருஷமாக அதற்கென்றே வைத்திருக்கும் பழைய லேப்டாப். இன்டர்நெட் கிடையாது. அப்டேட் என்ற வார்த்தையை அது கேட்டதே இல்லை. அதன் மூலையில் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பென் டிரைவைச் செருகினார். 1997 முதல் ஒரு துண்டு பாக்கியில்லாமல் அத்தனையும் வந்தது. நாற்பத்தோரு பக்கம் அச்செடுத்தார்.

"இப்ப அந்த லேப்டாப்பை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அவ தரமாட்டேங்கறா சார். வேணும்னா தினம் வந்து விளக்கேத்திட்டுக் கணக்குப் பாத்துக்கோங்கறா."